சோறு கொதிக்கும் வரை

போன வாரம் நம் மூத்தோர் மன்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நம்மில் ஒருத்தி அங்கலாய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். தினமும் பைபிள் படிப்பது என்று வருஷப் பிறப்பன்று முடிவெடுத்தாளாம். வீட்டில் பேரப்பிள்ளைகளின் கூச்சல், மகனுடைய தொலைக்காட்சி, மருமகளுடைய போன். மாதம் முடிவதற்குள் பழக்கம் விட்டுப்போயிற்றாம். "அமைதியா ஒரு மூலை கிடைச்சிருந்தா படிச்சிருப்பேன்" என்றாள். நீங்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினீர்கள். நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்து, ரோஜா நிறச் சர்க்கரை பூசிய நப்போலித்தேன் பிஸ்கட் இருந்த தட்டை என் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்துவிட்டாள். நான் சிரித்தது அவளைப் பார்த்தல்ல என்று சொல்லக்கூட இடம் தரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு அடுத்த வாரம் தட்டை இந்தப் பக்கம் தள்ளினால் போதும்.

நான் காவடிக் குடும்பத்துப் பெண். நெற்றியில் விபூதி இல்லாமல் நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் பைபிள் படிப்பதைப் பற்றி என்னிடம் ஒரு கதை இருக்கிறது. கரும்பு வெட்டு தொடங்கியபோது ஆரம்பித்து, காவடிக்கு முந்தின நாள் முடிந்த கதை. அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ இருக்கும். ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதில்தான் போர்ட் லூயிசுக்கு வேலைக்குப் போய் வந்தார். சுதந்திரம் என்ற சொல்லைப் பெரியவர்கள் அரசியல் கூட்டங்களில் கேட்டுவிட்டு வந்து வீட்டில் மெதுவாகச் சொல்லிப் பார்த்த காலம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பேசியதில் முக்கால்வாசி கிரியோல், உங்கள் வீட்டிலும் அப்படித்தானே. அதையெல்லாம் நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். நரைத்த பிறகு மாலை வகுப்பில் உட்கார்ந்து கற்ற தமிழ் இது, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு தேர் ரூஜ் என்ற ஊரில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, சமையலறை மட்டும் பின்னால் தனியாக. செம்மண் கால்களிலும் துணிகளிலும் ஏறி, துவைத்தாலும் போகாமல் எங்கள் எல்லோரையும் ஒரே நிறமாக்கி வைத்திருக்கும். கரும்பு வெட்டும் மாதங்களில் சர்க்கரைப் பாகும் புகையும் கலந்த வாசனை ஊர் முழுக்க நிற்கும். அந்த வீட்டை ஆண்டது என் அத்தை, அப்பாவின் அக்கா. சிறு வயதிலேயே புருஷனை இழந்து தம்பிகளோடு வந்து தங்கியவள். உயரமானவள், உரத்த குரல்காரி. தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்த வருஷத்தில் கங்காணியான சர்தாரின் கையிலிருந்த தடியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தவள் என்று ஊரில் பேச்சு. கேட்டால் அத்தை ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். அந்தக் கையைப் பார்த்தால் யாரும் மேற்கொண்டு கேட்கவும் மாட்டார்கள். சமையலறையும் சாமி அறையும் அவள் ஆட்சி. என் அம்மா அங்கே உதவிக்காரி.

சித்தப்பா பஸ் கண்டக்டர். முன்பு மாயெபூர் வழியில் ஓடும் பஸ்ஸில் இருந்தார். அங்கே கடைத்தெருவில் ஏறி இறங்கும் ஒரு தையற்காரரின் மகளைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றார். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அத்தை மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள், "சரி, பொண்ணைப் போய்ப் பார்ப்போம்" என்றாள்.

மாயெபூரில் அந்தப் பேச்சு நடந்தபோது நானும் இருந்தேன். தேங்காய்க் கேக்கைக் கடித்துக்கொண்டு தையல் இயந்திரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன், மிதியைத் தொட்டால் ஆடும் என்பதால். பெண்ணின் அப்பா மெலிந்த மனிதர், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "நீங்க உங்க கோயில்ல தாலி கட்டுங்க. நான் தடுக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. எம் பொண்ணு தினம் ஒரு தடவை பைபிள் படிப்பா. சின்ன வயசிலேர்ந்து பழக்கம். அதுக்கு உங்க வீட்டுல வழி இல்லன்னா, அவ திரும்பி எங்கிட்டயே வந்துடணும்" என்றார்.

அத்தை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வீட்டுல எந்தச் சாமிக்கும் மரியாதைக் குறைவு வராது" என்றாள். கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று என்று அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை. தேநீர் வந்தது, எல்லோரும் குடித்தார்கள்.

சித்தி ஒரு பச்சைத் தகரப் பெட்டியோடு வந்தாள். சின்ன உருவம், மெல்லிய குரல், நடந்தால் பூனை மாதிரி சத்தமே வராது. பெட்டியில் அடியில் துணி, மேலே அந்தப் புத்தகம். தடிமன், கறுப்பு அட்டை, அதற்கு அவள் அப்பா தைத்த காடாத் துணி உறை.

அவள் முதலில் காலையில் படிக்கப் பார்த்தாள். அத்தை அவளுக்கும் முன்னால் எழுந்து மணியடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் படிக்கப் பார்த்தாள். புதுப் பெண்ணைப் பார்க்க ஊரே வந்தது. சாயங்காலம் நானும் தம்பிகளும் அவள் மடியைப் பங்கு போட்டுக்கொண்டோம். அறையோ ஒரு திரைச்சீலைதான், அந்தப் பக்கம் என் அப்பாவின் குறட்டை. அமைதியான மூலை கேட்டாளே நம் தோழி, எங்கள் வீட்டில் மூலை நான்குதான், நான்கிலும் ஆள் இருந்தோம்.

கடைசியில் சித்தி இடம் தேடுவதை விட்டுவிட்டு நேரத்தைத் தேடினாள். சோற்றுப் பானையை அடுப்பில் ஏற்றியதிலிருந்து அது கொதிக்கும் வரை சமையலறையில் வேறு வேலை கிடையாது. ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவும் முடியாது. கவிழ்த்த மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து, வரியின் கீழே விரலை ஓட்டி உதடசையப் படிப்பாள். சவுக்கு விறகின் புகையில் கண் சிவக்கும். கோழி காலடியில் மேயும். மூடி தடதடவென்று ஆடத் தொடங்கியதும் காய்ந்த கரும்புத் தோகை ஒன்றைப் பக்கத்தில் அடையாளம் வைத்து மூடிவிடுவாள்.

"இன்னும் கொஞ்சம் படியேன் சித்தி" என்று ஒருநாள் சொன்னேன். மடியில் உட்கார இடம் கிடைக்கும் என்ற ஆசையில்.

"கொதிக்கிற வரைக்கும் எனக்கு. கொதிச்ச பிறகு உங்களுக்கு" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய சட்டம். வெள்ளைக்காரத் துரை வந்திருந்தாலும் மாறியிருக்காது.

இப்படிச் சில வாரம் போயிற்று. ஒருநாள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் சித்தி கருவாடும் வறுத்துக்கொண்டிருந்தபோது அத்தை சமையலறைக்குள் வந்தாள். சித்தி ஒரு கையால் கருவாட்டைப் புரட்டிவிட்டு அதே கையால் பக்கத்தைப் புரட்டினாள். அத்தையின் பார்வை புத்தகத்தில் விழுந்தது.

"என்ன அது?"

"பைபிள், அக்கா."

"அது தெரியும். எழுத்து என்ன எழுத்து?"

"தமிழ், அக்கா. தமிழ் பைபிள்."

"அயோ!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிரெஞ்சுப் புத்தகம்னுல நினைச்சேன்! தமிழ்னு ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். எங்களுக்குத் தமிழ் என்றால் சாமியின் மொழி. கடையில் கிரியோல், ஆபிசில் பிரெஞ்சு, சட்டத்துக்கு ஆங்கிலம். தமிழ் கோயிலில் மட்டும். அத்தைக்குத் தமிழ்ப் பாட்டு நூறு தெரியும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தமிழ் அச்சடித்த துண்டுக் காகிதம் தெருவில் கிடந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, கால் படாத இடத்தில் செருகி வைப்பாள். அப்படிப்பட்டவளின் சமையலறையில் இவ்வளவு பெரிய தமிழ்ப் புத்தகம் கருவாட்டுக்குப் பக்கத்தில், குளிக்காத பெண்ணின் மடியில்.

அவள் சித்தியைத் திட்டவில்லை. கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பால் புத்தகத்தை ஏந்தினாள். நேரே சாமி அறைக்குப் போய் மஞ்சள் துணியில் சுற்றி, மேல் பலகையில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். குங்குமம் வைத்தாள், செம்பருத்தி வைத்தாள், கற்பூரம் காட்டினாள். சித்தி வாசலில் கரண்டியோடு நின்றாள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது.

"பிடுங்கிட்டாங்க" என்று அம்மா என் காதில் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு மதாம், துணி வெளுத்துக்கொடுக்கும் கிரியோல்காரி, "போவ் தீ-ஃபி" என்றாள். பாவம் அந்தப் பெண் என்று. ஒரு வாரத்தில் தேர் ரூஜ் முழுக்க அதே பேச்சு. கிறிஸ்தவப் பெண்ணின் வேதப்புத்தகத்தை அந்த ராட்சசி பூட்டி வைத்துவிட்டாள் என்று. எல்லோரும் சொன்னதால் நானும் நம்பினேன். பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயசு.

பூட்டு கிடையாது, உண்மையைச் சொன்னால். குளித்துவிட்டு வந்தால் படிக்கலாம், அத்தை தடுக்கவே மாட்டாள். ஆனால் அதற்காகக் குழாயடியில் வரிசை நிற்க வேண்டும், ஈரத் தலையோடு சாமி அறையில் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. பக்கத்திலேயே அத்தை நின்று மணியடிப்பாள். சித்தி வாய் திறந்தால் அத்தை கற்பூரத்தைச் சுற்றுவாள். நான்கு வரி முடிவதற்குள் அங்கே சோற்றுக்கு உலை வைக்கும் நேரம் வந்துவிடும்.

"இப்போ தினம் படிக்கிறியே சித்தி, நல்லதுதானே?" என்றேன் ஒருநாள்.

"படிக்கிற மாதிரியே இல்ல பாப்பா. கோயில் வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது மாதத்தில் வந்த மூன்று நாள். வீட்டுக்குத் தூரமான நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாய்ப்பில் பாய் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். சாமி அறைப் பக்கம் தலை வைக்க மாட்டார்கள். அம்மாவுக்கு அது ஓய்வு, கால் நீட்டிப் படுத்துத் தூங்குவாள். சித்திக்கு அது பட்டினி. முழங்காலைக் கட்டிக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்ததை முணுமுணுத்துக்கொண்டு, தெரியாத இடம் வந்ததும் நிறுத்திவிட்டு அந்த அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சித்தப்பாவிடம் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னாள். அவர் அத்தையிடம் பேசப் போனார், தொண்டையைச் செருமினார், "அக்கா, தேநீர் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியின் அப்பா காய்ந்த ஆக்டோபசை ஓலைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்க வந்தார். ஊர்ப் பேச்சு பஸ் ஏறி மாயெபூர் வரைக்கும் போயிருக்க வேண்டும். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"படிக்கிறியாம்மா?"

சித்திக்குப் பொய் சொல்ல வராது. அத்தையைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை. "பாதி நாள் படிக்கிறேன் அப்பா" என்றாள்.

அவர் சாமி அறை வாசலில் நின்று, குங்குமமும் செம்பருத்தியும் சூடி உட்கார்ந்திருந்த தன் புத்தகத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார். வெளிக்கதவில் நின்று, "அந்தப் பச்சைப் பெட்டி இன்னும் நல்லா இருக்கில்ல?" என்று கேட்டார். பெட்டியைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சித்திக்கு விளங்கியது. திரும்பி வருவதானால் வா, கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து வந்த தூர நாட்களில், ஒரு சனிக்கிழமை காலை, அத்தை குளிக்கப் போயிருந்த சமயம், சித்தி பெட்டியோடு வெளியே வந்தாள். அம்மா துவைத்த துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "எங்கம்மா?" என்றாள். "அப்பாவைப் பார்த்துட்டு வரேன்க்கா." அப்பாவைப் பார்க்க யாரும் தகரப் பெட்டி கொண்டுபோவதில்லை. நான் ஓடிப்போய் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.  அந்த வீட்டில் மெல்லிய குரலில் பேசியவள் அவள் ஒருத்திதான்.

பஸ் நிற்கும் இடத்தில் பெரிய ஃபிளாம்போயான் மரம், சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது. அதன் கீழே பெட்டியை வைத்தோம். அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"சித்தி, உன் புத்தகம்?"

"பலகையில இருக்கு."

"எடுத்துக்கலையா?"

"இன்னிக்கு நான் தொடக் கூடாது பாப்பா. உங்க அத்தைக்கு மனசு கஷ்டமாயிடும்."

வீட்டையே விட்டுப் போகிறாள். புத்தகத்துக்காகத்தான் போகிறாள். ஆனாலும் அந்த வீட்டு வழக்கத்தை மீறி அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. 

பஸ் வந்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்தவர் எங்கள் சித்தப்பா. சித்தியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "கோத் தோ பே அலே?" என்று கேட்டார். எங்கே போகிறாய் என்று.

"மாயெபூர்."

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு என்ன செய்தார் தெரியுமா? பெட்டியைத் தூக்கிக் கூரைமேல் ஏற்றிக் கயிறு கட்டினார். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் கைக்குப் பழகிய வேலையைச் செய்கிற மனிதர் அவர். கட்டி முடித்து இறங்கிவந்தவருக்கு மணியை அடிக்க மட்டும் கை வரவில்லை. பஸ் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். உள்ளிருந்தவர்கள் "அலோன், அலோன்!" என்றார்கள். போகலாம் என்று.

அப்போது அத்தை வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வாரிச் செருகிய சேலையோடு, மஞ்சள் துணி மூட்டையை இரண்டு கையாலும் நெஞ்சில் அணைத்துக்கொண்டு செம்மண் தெருவில் ஓடி வந்தாள். அவள் ஓடி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"சாமியை விட்டுட்டா போறே?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "என்ன குறை வச்சேன் நான்? ஒரு நாள் கற்பூரம் தவறுச்சா? ஒரு நாள் பூ இல்லாம இருந்துச்சா? போறதா இருந்தா அதையும் கூட்டிட்டுப் போ. நீ இல்லாத வீட்டுல அது தனியா இருக்காது."

"ஒரு குறையும் வைக்கலக்கா. எங்க அப்பா வீட்டுலகூட அதுக்கு இவ்வளவு மரியாதை கிடைச்சதில்ல."

"அப்புறம் என்ன?"

"அதுக்குப் பூ வேணாம்க்கா. அதைப் படிக்கணும், தினம் படிக்கணும். சாப்பாட்டைப் பலகை மேல வச்சுக் கும்பிட்டா எனக்குப் பசி தீருமா?"

 பஸ்ஸில் எல்லாத் தலையும் ஜன்னல் வழியே வெளியே இருந்தது.

"நான் அதைப் பிடுங்கிட்டேன்னா நினைச்சே?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை சித்தப்பாவைப் பார்த்தாள், அவர் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தாள். "நீயுமா?" என்றாள். நான் தலையாட்டினேன். சர்தாரின் தடியை ஒடித்தவளின் வாய் கோணி நடுங்கியது. அவ்வளவு பூவையும் கற்பூரத்தையும் அவள் ஆசையோடு செய்திருக்கிறாள், நாங்களோ அதைச் சிறை என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். எங்களில் ஒருவருக்கும் அவளை நேரில் கேட்கத் தோன்றவில்லை.

அவள் ஓர் எட்டு வைத்துக் கிட்டே வந்தாள். சித்தியின் காதருகே குனிந்து, "ஆனா இன்னிக்கு எப்படித் தொடுவே?" என்று ரகசியமாகக் கேட்டாள். ரகசியம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பஸ்ஸின் பின்சீட்டு வரை கேட்டது.

 அத்தையே மரத்தடி வேரில் உட்கார்ந்தாள். மஞ்சள் துணியை மடியில் விரித்தாள், புத்தகத்தைத் திறந்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"உக்காரு. தொடாதே. நான் பிடிச்சுக்கிறேன், நீ படி."

சித்தி எதிரே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தலைகீழா இருக்குக்கா" என்றாள்.

பஸ்ஸில் சிரிப்பு வெடித்தது. அத்தையும் சிரித்துவிட்டாள். புத்தகத்தைத் திருப்பினாள். சமையலறையில் வைத்த கரும்புத் தோகை அந்தப் பக்கத்திலேயே நொறுங்கிப்போய்க் கிடந்தது. சித்தி அங்கிருந்து படிக்கத் தொடங்கினாள். டிரைவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். அவள் படித்து முடிக்கும் முன்பே சித்தப்பா கூரைமேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து புது ஏற்பாடு வந்தது. சாதாரண நாட்களில் புத்தகம் சமையலறைக்கே திரும்பியது, கையைக் கழுவ வேண்டும், கருவாடு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தூர நாட்களில் அத்தை குளித்துவிட்டுச் சாய்ப்பின் வாசலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிடிப்பாள், சித்தி கண்ணைக் காட்டினால் பக்கத்தைத் திருப்புவாள். சும்மா பிடித்துக்கொண்டிருக்க அவளால் முடியுமா? காதில் விழுந்ததில் ஆண்டவர், ஒளி, வழி என்று பாட்டில் பழகிய சொற்களைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவாள். மற்றதைச் சித்தி கிரியோலில் சொல்வாள். ஒருமுறை பக்கம் பக்கமாகப் பெயர்களே வந்தன. அவருக்கு இவர் பிறந்தார், இவருக்கு அவர் பிறந்தார் என்று.

"இதுல யாரு சாமி?" என்றாள் அத்தை.

"யாரும் இல்லக்கா. வம்ச வரிசை."

"இத்தனை பேருக்கும் சோறு பொங்கிப் போட்டவ பேரு எங்க?"

"அது எழுதலக்கா."

"அதானே" என்றாள் அத்தை, தனக்கு முன்பே தெரிந்த விஷயம்போல.

கொஞ்ச நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். சோற்றுப் பானை கொதிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. சித்தி தலை குனிந்து படித்துக்கொண்டிருக்கும்போது அத்தை அந்தப் பக்கம் எதையோ எடுக்க வருவதுபோல வந்து, எரிகிற கட்டையில் ஒன்றைக் காலால் மெல்லப் பின்னுக்கு இழுத்துவிட்டுப் போவாள். "அந்த ஆடு மேய்க்கிற பையன் நேத்து சண்டைக்குப் போனானே, என்ன ஆனான்?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டும் போவாள். மத்தியானச் சாப்பாடு தாமதமாயிற்று. அம்மா மட்டும் காரணம் புரியாமல் விறகு ஈரம் என்று விறகுக்காரனோடு சண்டை போட்டாள்.

அந்த வீடு இப்போது இல்லை. சில வருஷம் கழித்து வந்த பெரும் புயல் கூரையையும் சாமிப் பலகையையும் பச்சைப் பெட்டியையும் கொண்டுபோயிற்று. புத்தகத்தை மட்டும் அத்தை தன் வயிற்றோடு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கினாள். சுதந்திரக் கொடி ஏறிய நாளை அவள் பார்க்கவில்லை. சித்தி பார்த்தாள், அதற்குப் பிறகும் பல வருஷம் சிமெண்ட் வீட்டில் உட்கார்ந்து படித்தாள். காஸ் அடுப்பு வந்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவள் மட்டும், "இதுல ரொம்பச் சீக்கிரம் கொதிச்சிடுது" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

நான் சொல்ல வந்தது காவடிக்கு முந்தின நாளைப் பற்றி.

நம்மவர்கள் கரேம் என்று சொல்லும் பத்து நாள் விரதத்தில் அத்தை இருந்தாள். மஞ்சள் சேலை, ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய். விரத காலத்தில் தூரமானால் சாய்ப்புகூடக் கிடையாது, வீட்டு எல்லைக்குள்ளேயே இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். சித்திக்கு அன்று காலை பார்த்துத் தூரம் வந்தது. பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு மதாமின் வீட்டுக்குப் புறப்பட்டாள். இறைச்சி சமைக்கும் வீடு அது. விரதத்தில் இருப்பவள் அங்கே போய் வாசலில்கூட உட்கார முடியாது. புத்தகத்தை யார் பிடிப்பது?

"பரவாயில்லக்கா" என்றாள் சித்தி முற்றத்தில் நின்று. "மூணு நாள்தானே. தெரிஞ்சதை மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்."

அத்தை உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் துணி மூட்டை. தூரமானவளுக்கு எதையாவது கொடுப்பதென்றால் நம் வீடுகளில் எப்படிக் கொடுப்போம்? தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வோம், அவள் எடுத்துக்கொள்வாள். சித்தியும் அதற்காகத் தரையைப் பார்த்தாள், சாமிப் புத்தகத்தை எப்படித் தரையில் வைப்பாள் என்று நானும் பார்த்தேன். அத்தை தரையில் வைக்கவில்லை. நேரே சித்தியின் கைகளில் வைத்தாள். விரல் விரலில் பட்டது.

"அக்கா! விரதம்..."

"எனக்குக் கை வலிக்குது" என்றாள் அத்தை. "தினம் தினம் பிடிச்சுப் பிடிச்சுத் தோளெல்லாம் இறங்கிப்போச்சு. இனிமே என்னால பிடிக்க முடியாது. நீயே பிடிச்சுப் படிச்சுக்கோ."

"இன்னிக்கு நான் எப்படிக்கா..."

"கை வலிக்குதுன்னு சொல்றேன்ல!"

 சித்தியின் பாய் நழுவிக் கீழே விழுந்தது, நான் எடுத்துக்கொடுத்தேன். அவள் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனாள். அத்தை மறுபடி ஒருமுறை போய்க் குளித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் ஏழு கறி சமைக்க வேண்டும், தெருவுக்கே சாப்பாடு. பெண்கள் அன்றே மசாலா அரைக்க வந்து கூடினார்கள். ரோஸ் காரிக்கு முன்னால், அந்தப் பெரிய அம்மிக்கு முன்னால், அத்தைதான் உட்கார்ந்தாள். யாரையும் தொட விடவில்லை. மல்லியும் மஞ்சளும் மிளகாயும் மலையாகக் குவிந்திருந்தன. குழவியைத் தூக்கித் தூக்கி இறக்கினாள், முற்றமே அதிர்ந்தது.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கை வலின்னு சொன்னீங்களே அண்ணி?" என்றாள்.

"எந்தக் கை?" என்றாள் அத்தை. குழவி நிற்கவில்லை.

பிறகு வேலிக்கு அப்பால், மதாமின் சமையலறையில், யாரோ பானையை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்துச் சித்தியின் மெல்லிய குரல் தொடங்கியது. குழவி நின்றது. அத்தை மசாலாக் கையால் மற்றப் பெண்களை அமர்த்திவிட்டு, வேலியைப் பார்த்துக் கத்தினாள்.

"சத்தமாப் படி! இங்க கேக்கல!"